பார்வை போன மாமியாருக்கு மட்டும் தெரியும் பிள்ளைகள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தன்லின் பக்கம் இருக்கிறோம். என் மாமியாருக்கு 78 வயது. இரண்டு கண்ணிலும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்ந்துவிட்டது, நடுப்பார்வை இனித் திரும்பாது என்று ரங்கூனில் சொல்லிவிட்டார்கள். என் முகம்கூட அவருக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் பேசுவார். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து, சாயங்காலம் ஆனால் கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்கிறார். வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, ரெட்டைப் பின்னல் என்று அடையாளம் சொல்கிறார். சில நாள் தலைப்பாகை கட்டிய ஆட்கள் வரிசையாகப் போகிறார்களாம். சுவர் முழுக்கச் செங்கல் கட்டம் தெரிகிறதாம். யாரும் பேசுவதில்லை. மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அதனால் வீட்டுக்குள் ஏதோ வந்துவிட்டது என்கிறார்கள் உறவுக்காரர்கள். முனீஸ்வரர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று. அடுத்து வேப்பிலை அடிக்க ஒருவரைக் கூட்டி வரலாம் என்கிறார் என் கணவரின் அண்ணன். மாமியார் இப்போது எதையும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இது பைத்தியத்தின் ஆரம்பமா? எதிரில் நிற்கும் என்னைத் தெரியாதவருக்கு, இல்லாத பிள்ளையின் பின்னல் வரைக்கும் எப்படித் தெரிகிறது?

பதில்: வணக்கம் சகோதரி. வேப்பிலை அடிக்க வருகிறவரை வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பைத்தியத்தின் ஆரம்பமாக எனக்குத் தோன்றவில்லை. பார்வை வெகுவாகக் குறைந்தவர்களுக்கு வருகிற, மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த ஒரு நிலை இருக்கிறது. சார்லஸ் போனே நோய்க்குறி என்று அதற்குப் பெயர். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்கள் ஏறக்குறைய எல்லாமே அதோடு பொருந்துகின்றன. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. எதையெல்லாம் பார்த்து உறுதி செய்யவேண்டும் என்று பின்னால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் புரிந்துவிட்டால் வீட்டில் பாதி பயம் போய்விடும்.

கண் படம் பிடித்து அனுப்புகிறது, மூளை அந்தப் படத்தைப் பார்க்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது அப்படியல்ல. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஒரு கண்ணுக்குச் சுமார் 10 கோடி இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். அதாவது கண்ணைவிட்டுக் கிளம்பும்போதே செய்தி சுருங்கிவிடுகிறது. அதிலும் கூர்மையாகத் தெரிவது நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான் அது. அதைச் சுற்றியுள்ள எல்லாமே மங்கல். அப்படியிருந்தும் கூடம் முழுவதும் ஒரே தெளிவாகத் தெரிவதுபோல் நமக்கு இருக்கிறது. காரணம், கண் ஒரு விநாடிக்கு மூன்று தடவை போல இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. துண்டு துண்டாக வந்ததை வைத்து முழு அறையையும் மூளைதான் கட்டி எழுப்புகிறது.

அந்தத் தாவல் நமக்குத் தெரியாமல் மறைப்பதும் மூளைதான். கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணைப் பாருங்கள், மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு சோதனை. உங்கள் கணவரின் அண்ணனையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு சின்னப் பெருக்கல் குறி, அதற்கு வலப்புறம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டின் நடுவழியாகப் போகும்படி, அதன் இரண்டு பக்கமும் நீளுமாறு படுக்கைவாட்டில் ஒரு கோடு. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முகத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரம் வரும்போது பொட்டு மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியே போகும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதனால் நம் எல்லோருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் அப்படி ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மரியோத் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். பொட்டு போன இடத்தில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாது. கோடு அறுபடாமல் நேராக ஓடுவதுபோல்தான் இருக்கும். அந்த இடத்தில் கோட்டைப் போட்டது கண் அல்ல. சுற்றிலும் இருப்பதைப் பார்த்து, இங்கேயும் கோடுதான் இருக்கவேண்டும் என்று மூளை நிரப்பிவிட்டது. அது ஊகம் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மையாகப் பார்த்தது போலவேதான் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்ப்பது என்பதே நாம் அறியாமல் மூளை செய்யும் ஓர் ஊகம் என்று எழுதினார். பிறகு மூளையை ஆராய்ந்தவர்கள் கண்டது அதற்கு வலு சேர்க்கிறது. கண்ணிலிருந்து வரும் நரம்பு மூளையின் நடுவே ஓர் இடத்தில் இறங்கி, அங்கிருந்துதான் பின்மண்டைக்குப் போகிறது. அந்த இடத்துக்குக் கண்ணிலிருந்து வரும் இணைப்புகளைவிட, மூளையின் மேற்பரப்பிலிருந்து திரும்பி வரும் இணைப்புகள் அதிகம். பார்வை ஒருவழிப் பாதை இல்லை. என்ன இருக்கும் என்ற எதிர்பார்ப்பை மூளை கீழே அனுப்புகிறது. உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் கண் மேலே அனுப்புகிறது. ஊகம் தப்பாக இருந்தால் கண் அதைத் திருத்துகிறது. இருட்டில் கொடியில் தொங்கும் சட்டை ஆள் மாதிரி தெரிந்து, கிட்டே போனதும் சட்டையாகிவிடுகிறதே, அது இந்தத் திருத்தம்தான்.

உங்கள் மாமியாருக்கு அந்தத் திருத்தம் வருவது குறைந்துவிட்டது.

பின்மண்டையில் கண்ணின் செய்தியை முதலில் வாங்கும் பகுதியில், பார்வையின் நடுப்பகுதிக்கு மட்டுமே பாதி அளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முகம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அதன் வேலை. மாகுலா தேய்ந்தவருக்கு அந்தப் பெரிய இடம் செய்தி வராமல் காத்துக் கிடக்கிறது. நரம்புச் செல்கள் சும்மா கிடப்பதில்லை. செய்தி வரத்து குறைந்தால் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகுமே, அது போல மூளையின் உள்ளிருந்து எழும் சின்னத் துடிப்புகூட இப்போது காட்சியாகிவிடுகிறது. முகத்தை அறியும் பகுதி துடித்தால் முகம் தெரியும். நிறத்தை அறியும் பகுதி துடித்தால் நிறம் தெரியும். 1998இல் லண்டனில், இப்படிக் காட்சி தெரிகிறவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறம் தெரிகிறது என்று அவர்கள் சொன்னபோது மூளையில் நிறத்துக்கான இடமும், முகம் தெரிகிறது என்றபோது முகத்துக்கான இடமும் வேலை செய்துகொண்டிருந்தன. ஆகவே உங்கள் மாமியார் கற்பனை செய்யவில்லை, பொய் சொல்லவும் இல்லை. நீங்களும் நானும் ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது மூளையில் எந்த இடங்கள் வேலை செய்யுமோ, அதே இடங்கள்தான் அவருக்கும் வேலை செய்கின்றன.

உங்கள் முகம் தெரியாமல் பின்னல் தெரிவதற்கும் காரணம் இதுதான். உங்கள் முகம் தேய்ந்துபோன மாகுலா வழியாக வரவேண்டும். அந்தப் பின்னல் கண் வழியாக வரவே இல்லை. மூளையில் பிறக்கிற காட்சிக்கு மங்கல் கிடையாது. நிஜத்தில் பார்ப்பதைவிட அது துல்லியமாக இருக்கிறது என்றுகூட நோயாளிகள் சொல்வதுண்டு. அதைக் கேட்டுத்தான் வீட்டிலுள்ளவர்கள் அதிகம் மிரண்டு போகிறார்கள். எனக்கோ அந்தத் துல்லியம்தான் இது எங்கிருந்து வருகிறது என்பதற்கு நல்ல சாட்சி.

நல்ல கண் உள்ளவர்களுக்கும் இது வரும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையில் எந்தக் குறையும் இல்லாத 13 பேருக்கு 5 நாள் கண்ணைக் கட்டி வைத்தார்கள். அவர்களில் 10 பேருக்கு இல்லாதவை தெரிந்தன. சிலருக்கு ஒளிப் பொட்டுகள், சிலருக்கு முகங்கள், கட்டடங்கள், இயற்கைக் காட்சிகள். கட்டை அவிழ்த்ததும் போய்விட்டன. அவர்களில் யாருக்கும் பேய் பிடிக்கவில்லை.

இந்த நிலைக்குப் பெயர் வந்த கதையையும் மாமியாரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஜெனீவாவில் சார்லஸ் போனே என்று ஓர் இயற்கை விஞ்ஞானி இருந்தார். அவருடைய தாத்தா சார்லஸ் லுலான், நீதித்துறையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். 90 வயதை நெருங்கும்போது, கண்புரையால் பார்வை வெகுவாகக் குறைந்த பிறகு, அவருக்கு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தெரிய ஆரம்பித்தன. புத்தி தெளிவாக இருந்தது. இவையெல்லாம் நிஜமில்லை என்றும் அவருக்குத் தெரியும். பேரன் அதை 1760இல் எழுதி வைத்தார்.

அன்றிலிருந்து உலகம் முழுவதும் சேர்த்த விவரங்களைப் பார்த்தால் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. செங்கல் சுவர், வலை, கட்டம் போன்ற கோலங்கள். தலையில் தொப்பியோ வேறு அணியோ வைத்து, அந்தக் காலத்து உடுப்பு உடுத்திய ஆட்கள், பல சமயம் வரிசையாக. சின்ன உருவங்கள், பிள்ளைகள். கண்ணும் பல்லும் பெரிதாகத் தெரியும் கோணல் முகங்கள். பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆட்கள், பெரும்பாலும் மௌனம். உங்கள் கடிதத்தில் உள்ள செங்கல் கட்டமும் தலைப்பாகை வரிசையும் ஐரோப்பியக் கிழவர் ஒருவர் சொன்னது போலவே இருக்கின்றன. லுங்கி பச்சையாக இருப்பதில் மட்டும்தான் பர்மா தெரிகிறது. வாழ்நாள் முழுக்க நம் தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த மூளை வேறு எந்த உடுப்பைப் போடும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மாமனாரின் ஆவி என்கிறார்கள் உறவுக்காரர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் மாமனார் ஒரு தடவைகூட வரவில்லை. நாளைக்கே அவர் வருவதாக மாமியார் சொன்னாலும் பயப்பட வேண்டாம். துணையை இழந்தவர்களுக்குப் போனவரின் குரல் கேட்பதும் உருவம் தெரிவதும் உண்டு. அது துக்கத்தில் ஒரு பகுதி.

சாயங்காலத்தில் ஏன் அதிகம்? வெளிச்சம் குறைந்தால் மிச்சமிருக்கும் பார்வையும் குறைகிறது. அந்த நேரத்தில்தான் நம் ஊரில் கரண்ட்டும் போகிறது. எல்லோரும் வேலையாக இருப்பார்கள், அவர் இருட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். இந்தக் காட்சிகள் தோன்ற இதைவிடத் தோதான நேரம் இல்லை. மழைக்காலத்தில் தொடங்கியதிலும் எனக்கு வியப்பில்லை, பகலே மங்கலாக இருக்கிற மாதங்கள் அவை. ஆகவே முதல் வேலையாக, அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றை வையுங்கள். முகத்தில் அடிக்கிற மாதிரி வைக்கக் கூடாது. கரண்ட் போகும் முன்பே அது எரியட்டும். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், கீரை ஆய்ந்தால்கூடப் போதும்.

காட்சி வரும்போது அவரே செய்யக்கூடியவையும் உண்டு. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மாறி மாறிச் சில தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு உடனே கலைந்துவிடும். கண்ணைச் சிமிட்டுவது, எழுந்து நடப்பது, விளக்கைப் போடுவது, உருவம் இருக்கும் இடத்தை நோக்கிக் கையை நீட்டுவது, இவையும் உதவும். எது அவருக்குப் பலிக்கிறது என்று செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது எனக்கு அதிகக் கவலை தருவது கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது. "மாமியார் இப்போது எதையும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை." காட்சிகள் நின்றுவிட்டன என்று இதற்குப் பொருள் அல்ல. கயிறு கட்டியது, உறவுக்காரர்களின் பேச்சு, வேப்பிலைப் பேச்சு எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவருக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கிறதே. தனக்குப் புத்தி பிசகிவிட்டதோ, பேய் பிடித்துவிட்டதோ என்று தனியாகப் பயந்துகொண்டிருப்பார். இந்த நிலை பார்வை வெகுவாகக் குறைந்த முதியவர்களில் பத்தில் ஒருவருக்காவது வருகிறது. ஆனால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற அச்சத்தில் டாக்டரிடம்கூட மறைப்பவர்கள் ஏராளம். நானே என் நோயாளிகளிடம் கதவைச் சாத்திவிட்டு, "இல்லாதது ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்பேன். கேட்டால்தான் சொல்வார்கள். சொன்னதும் அழுகிறவர்களும் உண்டு.

நீங்கள் இன்று ராத்திரியே அவர் பக்கத்தில் உட்காருங்கள். "அத்தை, நீங்கள் பார்ப்பது நிஜமாகவே உங்களுக்குத் தெரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். கண்ணில் வெளிச்சம் குறைந்ததால் மூளை தானாகவே படம் போடுகிறதாம். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இனிமேல் தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகள் இருப்பதாக நடிக்க வேண்டாம், "அப்படி ஒன்றும் இல்லை, சும்மா இருங்கள்" என்று அதட்டவும் வேண்டாம். எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இதற்கு இதைவிட நல்ல மருந்து எதையும் நான் பார்த்ததில்லை. காரணம் தெரிந்துவிட்டால் காட்சிகள் தொடர்ந்தாலும் பயம் விலகிவிடுகிறது. சிலர் அதை வேடிக்கை பார்க்கக்கூட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, டாக்டரிடம் எதற்குப் போகவேண்டும்? இரண்டு காரணம்.

ஒன்று, இது வேறு நோயாக இருக்கக்கூடாது. சார்லஸ் போனே நிலையில் காட்சி மட்டும்தான். குரல் கேட்பது, வாசனை வருவது, யாரோ தொடுவது, தன்னைக் கெடுக்க வருகிறார்கள் என்று நம்புவது இவை இருந்தால் யோசிக்க வேண்டும். ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பது, நடை தளர்ந்து கை நடுங்குவது, தூக்கத்தில் கத்துவது, கை காலை உதறுவது இவை சேர்ந்தால் மூளை நரம்பு டாக்டரைப் பார்ப்பது அவசியம், ஒருவகை ஞாபகமறதி நோயும் இப்படித்தான் தொடங்கும். காய்ச்சலோ நீர்க்கடுப்போ வந்து இரண்டு மூன்று நாளில் திடீரென்று பிதற்ற ஆரம்பித்தால் அன்றே ஆஸ்பத்திரி. அப்புறம் மருந்துகள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், சிறுநீர் அடக்கமுடியாமைக்குத் தரும் மாத்திரைகள், நடுக்கத்துக்குத் தரும் மாத்திரைகள், இவை வயதானவர்களுக்கு இல்லாததைக் காட்டும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது உட்பட எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது காரணம் கண்ணே. நடுப்பார்வை திரும்பாது என்று சொன்னதும் பல குடும்பங்கள் கண் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகின்றன. அது தவறு. மாகுலா தேய்மானத்தில் உலர்ந்த வகை மெதுவாகப் போகும். ஈர வகையில் ரத்தக் குழாய் கசிந்து திடீரென்று மோசமாகும், அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். நேர்கோடுகள் வளைந்து தெரிவதாகவோ புதிதாகக் கறுப்பு விழுந்ததாகவோ அவர் சொன்னால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 78 வயதில் கண்புரையும் கூடவே இருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுத்தால் மாகுலா சரியாகாது என்றாலும் ஓரப்பார்வைக்கு வெளிச்சம் கூடும். கண்புரை எடுத்த பிறகு காட்சிகள் குறைந்தவர்களும், முற்றாக நின்றவர்களும் உண்டு. இதை அவருடைய டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றரை வருடத்தில் அடங்கிவிடும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்ததில் 5 வருடத்துக்கு மேலும் தொடர்கிறவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. ஆனால் நாளாக ஆக வருவது குறையலாம், பயமும் குறையும். நிச்சயமாக நிறுத்தும் மாத்திரை என்று எதுவும் இல்லை. தூங்கவைத்தால் சரியாகிவிடும் என்று தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பார்வையில்லாத முதியவர் அந்த மயக்கத்தில் எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், அதிலிருந்து மீள்வது பெரிய பாடு.

கோயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். முனீஸ்வரரைக் கும்பிட அவருக்கு ஆசை இருந்தால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். கயிறு அவருக்குத் தைரியம் கொடுத்தால் இருக்கட்டும். ஆனால் வேப்பிலை அடிப்பது, புகை போடுவது, "யார் நீ, சொல்லு" என்று மிரட்டுவது எதற்கும் அவரை உட்காரவைக்காதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து அடி வருகிறது என்று பார்க்க முடியாத ஒரு வயதான மனுஷியை நடுவில் உட்காரவைத்துச் செய்கிற காரியம் அது. உங்கள் கணவரின் அண்ணனும் அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருப்பார், அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பொட்டு மறையும் சோதனையை அவர் கையாலேயே செய்யவைத்து, பிறகு இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, விளக்கு எரிந்ததா, என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம், எப்படிக் கலைந்தது. பேத்தி இருந்தால் அவளிடம் கொடுங்கள், பாட்டி சொல்லச் சொல்ல எழுதட்டும். அந்த நோட்டையும் மாத்திரைப் பையையும் கொண்டுபோனால் கண் டாக்டருக்கும் நரம்பு டாக்டருக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.